ஈரம் காயும் வரை

கல்லறைத் தோட்டத்து வாசலில் கார் நிறுத்த இடமில்லை. வுகாஷின் இதை எதிர்பார்க்கவில்லை. சூரியன் இன்னும் மலையைத் தாண்டி வரவில்லை. நவம்பர் மாதத்து உறைபனி வேலியோரப் புல்லில் சுண்ணாம்பு அடித்ததுபோலக் கிடந்தது. இந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது, உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஆட்கள் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்பதுதான் அவன் திட்டம். அவன் பெல்கிரேடில் வளர்ந்தவன். அங்கே இறந்தவர்களின் சனிக்கிழமை என்றால் ஜனங்கள் காலை காப்பி குடித்துவிட்டு, பூக்கடையில் பேரம் பேசிவிட்டு, ஆற அமர வருவார்கள். இந்தப் பிரோட்டில் யார் வீட்டு மெழுகுவர்த்தி முதலில் எரிகிறது என்பதில் ஊருக்கே போட்டி என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவன் மனைவி நெவெனா சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு வந்ததில்லை.

சரிவு முழுக்க ஆட்கள். கல்லறைகளுக்கு நடுவே மடக்கு மேசைகள் விரித்திருந்தார்கள். வறுத்த மிளகாய் வாசனை மூடிய கண்ணாடியையும் தாண்டி வந்தது. வாசலில் நுழைகிற ஒவ்வொருவரையும் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் கட்டிப் பிடித்து, இந்தக் கன்னம், அந்தக் கன்னம், மறுபடி இந்தக் கன்னம் என்று முத்தமிட்டார்கள். ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று கைக்குட்டைக்குள் இருமினார். இருமி முடித்துவிட்டு வரிசைக்குத் திரும்பி அவரும் முத்தமிட்டார்.

பின் இருக்கையில் அவன் மாமியார் ராத்மிலா உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளித் தொப்பி, அதன்மேல் ஒரு துண்டு, முகத்தில் முகக்கவசம். கண் மட்டும்தான் தெரிந்தது. மடியில், மேசைவிரிப்பில் சுற்றிய பாத்திரம். அதில் வேகவைத்து, வால்நட் பொடியும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த கோதுமை. நேற்று அவரே செய்தார். கரண்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடுத்தது வுகாஷின்.

"திரும்பிடலாம் அத்தை," என்றான்.

"வந்தாச்சு. கொஞ்சம் இருப்போம். கூட்டம் கலையட்டும்."

அவன் எதிர்ச் சாரியில் ஒரு பூட்டிய ஷட்டருக்கு முன்னால் காரை நிறுத்தினான். காற்று வரட்டும் என்று இரண்டு பக்கக் கண்ணாடியையும் நான்கு விரல் இறக்கினான். ராத்மிலா தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார்.

"அத்தை, மூடி வெச்சா நல்லதில்ல. என் மூச்சையே நீங்க இழுக்கணும்."

"உன் மூச்சு என்னை ஒண்ணும் பண்ணாது. காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போச்சுன்னா கழுத்து பிடிச்சுக்கும். என் பெரியம்மா அதுலதான் போனா."

"உங்க பெரியம்மாவுக்குத் தொண்ணூத்தோரு வயசு."

"காத்து படாம இருந்திருந்தா இன்னும் இருந்திருப்பா."

அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு முகக்கவசத்தை இழுத்து விட்டான். ராத்மிலாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றி இது இரண்டாவது வாரம். வெள்ளணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்குகிற வாரம். இதை அவனுக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை. பெல்கிரேடில் நெவெனாவுக்கு நடந்ததெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எப்போது வெளியே விடலாம், எப்போது கூடாது. திறந்தவெளி பரவாயில்லை, ஆள் நெருக்கம் கூடாது. அடுத்தவர் கை பட்ட சாப்பாடு கூடாது. பூந்தொட்டி மண் கூடாது. உடம்பு முப்பத்தெட்டைத் தொட்டால் ஒரு நிமிடம் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. ஏப்ரலில் நெவெனா போனாள். கோடையில் ராத்மிலாவுக்கும் அதே இடத்தில் அதே கட்டி என்று தெரிந்தபோது அவன் மடிக்கணினியையும் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு பிரோட்டுக்கு வந்துவிட்டான். அவன் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். பாசம் என்று ஊரில் சொன்னார்கள். அவனுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ராத்மிலாவுக்கு வேறு யாரும் இல்லை, அவனுக்கு இந்த வேலை தெரியும், அவ்வளவுதான். நெவெனாவின் பள்ளிக்கூடக் காலத்துக் கட்டிலில் தூங்கினான். கட்டில் குட்டை. கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு கட்டில் வாங்கலாம் என்று ராத்மிலா சொல்லும்போதெல்லாம் சரி என்பான்.

கூட்டம் கலையவில்லை. வெயில் ஏறியது. உறைபனி உருகிப் புல் கறுத்தது. போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம். பாதிரியார் தூபத்தை ஆட்டிக்கொண்டு மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறங்கி வந்தார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு குவளை ராக்கியா சாராயத்துக்கு நின்றார். ராத்மிலா தன்னுடைய பிளாஸ்கிலிருந்து முகக்கவசத்தைத் தூக்கிப் பிடித்துத் தேநீர் குடித்தார். இரண்டு முறை தூங்கினார். வெயில் நெற்றிக்கு நேரே வந்தபோது விழித்துக்கொண்டார்.

"மணி என்ன ஆச்சு?"

"பதினொண்ணு தாண்டிடுச்சு."

"மதியத்துக்கு அப்புறம் போய்ப் பிரயோஜனம் இல்ல மாப்பிள்ளை. மணி அடிச்சா அவங்க போயிடுவாங்க."

"யாரு?"

"யாரா? செத்தவங்க எல்லாரும்தான். காலையில வந்து உக்காந்திருப்பாங்க. மணி அடிச்சதும் எழுந்து போயிடுவாங்க. அப்புறம் போனா கல்லுகிட்டதான் பேசணும்."

அவன் இதை நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்வதற்குத் தேவையான அளவுக்குக்கூட அவனுக்குள் எதுவும் அசையவில்லை.

"நான் போய் ஏத்திட்டு வரேன். நீங்க இங்கேயே இருங்க. இங்கேருந்து நம்ம கல்லு தெரியுது."

ராத்மிலா பாத்திரத்தின் முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னார்.

"நெவெனா போன்ல சொல்லுவா. 'அம்மா, இவன் என்னைக் கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கான்'னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா."

அவனுக்கு இது தெரியாது. பெல்கிரேடு வீட்டில் எட்டாவது மாடி பால்கனி இருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு அவள் அங்கே நிற்பாள். கீழே சந்தைக்குப் போகிறவர்களைப் பார்ப்பாள். ஒரு நாள் போகலாமா என்று கேட்பாள். ரத்தப் பரிசோதனை வரட்டும், எண்ணிக்கை ஏறட்டும் என்பான். எண்ணிக்கை ஏறும். அதற்குள் அடுத்த மருந்து. அவளுக்குச் சளி பிடித்ததில்லை. காய்ச்சல் வந்ததில்லை. தெர்மாமீட்டர் ஒருநாளும் முப்பத்தேழைத் தாண்டவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்ட வீட்டை நாங்கள் பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னார். ஒரு கிருமிகூட அவளைத் தொடவில்லை. கல்லீரலுக்குப் போன கட்டிதான் அவளை எடுத்துக்கொண்டது. அவன் செய்தது எல்லாமே சரி. அதை யோசித்தால் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். எதுவும் வரவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது. யாரும் கிட்ட வரக் கூடாது. பேசணும்னா தள்ளி நின்னு பேசணும்."

"சரிங்க டாக்டர்," என்று ராத்மிலா காலைத் தரையில் வைத்தார்.

அவன் ஒரு கையில் சாமந்தித் தொட்டியும் மறு கையில் பாத்திரமுமாக முன்னால் நடந்தான். முழங்கைகளை அகட்டி வைத்துக்கொண்டான். ராத்மிலா அவன் முதுகுக்குப் பின்னால், அவன் நிழலில் வந்தார். வழியில் தோல் தொப்பி போட்ட ஒரு ஆள் கத்தி முனையில் ஒரு துண்டுத் தொத்திறைச்சியைக் குத்தி ராத்மிலாவிடம் நீட்டினார்.

"எங்க அம்மாவுக்காக."

"அவங்க சாப்பிடக் கூடாது," என்றான் வுகாஷின்.

ஆள் கத்தியை இறக்கவில்லை. இறந்தவர் பெயரில் நீட்டுவதை இந்தப் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்பதில்லை. வேண்டாம் என்றால் அந்த இறந்த ஆள் பசியோடு நிற்பார் என்று அர்த்தம். ஆளின் முகம் சுருங்கத் தொடங்கியது. வுகாஷின் தன் முகக்கவசத்தை இறக்கி, இரண்டு கையும் நிறைந்திருந்ததால், குனிந்து வாயால் வாங்கினான்.

"இது அவங்க பங்கு."

"அப்ப உன் பங்கு?" என்று ஆள் இன்னொரு துண்டு வெட்டினார். "பிரோட்காரன் சும்மா கொடுக்கிறதே வருஷத்துக்கு இந்த மாதிரி நாலு சனிக்கிழமைதான் தம்பி. வாங்கிக்கோ."

அதையும் வாங்கினான். முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு நடந்தான். அடுத்த மேசையில் பாலாடைக்கட்டி வைத்த பணியாரம். அதற்கடுத்த மேசையில் ஒரு கரண்டி கோதுமை. இன்னொரு கரண்டி. அவித்த முட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார்கள். அவன் தலையாட்டி விழுங்கினான். தொண்டை வழியாக ஏதோ இறங்குவது தெரிந்தது. உப்பா சர்க்கரையா என்று தெரியவில்லை. கடைசி மாதங்களில் நெவெனா எதைச் சாப்பிட்டாலும் சாவிக்கொத்தைச் சப்புவதுபோல இருக்கிறது என்பாள். இவனுக்குச் சாவியின் ருசிகூட இல்லை.

"மெதுவாத் தின்னு," என்று பின்னாலிருந்து ராத்மிலாவின் குரல் வந்தது. "எனக்கு வயிறு உப்புது."

அவர்கள் கல் கடைசி வரிசையில். பக்கத்துக் கல்லில் ஸாகோர்கா மடக்கு நாற்காலியில் கால் பரப்பி உட்கார்ந்திருந்தார். ராத்மிலாவின் தெருக்காரர். கணவர் தோசா இறந்து மூன்று வருடம். ராத்மிலாவைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு எழுந்தார். முகக்கவசத்தைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"என்னடி இது? கொரோனாவா?"

"இல்லடி. மத்தது."

"மத்ததா?" ஸாகோர்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அட, நல்லவேளை. நான் பயந்தே போயிட்டேன்."

ராத்மிலாவின் தோள் குலுங்கியது. முகக்கவசத்துக்குள் சிரிக்கிறார் என்று வுகாஷினுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஸாகோர்கா தான் சொன்னது இன்னதென்று உணர்ந்து வாயைப் பொத்தினார். பிறகு அவரும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு கோதுமைக் கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி அள்ளினார்.

"தோசாவுக்காக."

"எனக்குக் கொடுங்க," என்றான் வுகாஷின்.

"இது அவளுக்கு. தோசா இவ கல்யாணத்துல ஆடினவன்."

"அவங்க பங்கை நான்தான் சாப்பிடுறேன்."

"வீட்டுப் பங்கை வீட்டு ஆளுதான் சாப்பிடணும்." ஸாகோர்கா கரண்டியைப் பிடித்தபடியே ராத்மிலாவைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதடி. நல்ல பையன், ஊரே சொல்லுது. ஆனா மகளே போனப்புறம் மாப்பிள்ளை ஏது? குழந்தை குட்டியும் இல்ல. அவனுக்கும் வயசிருக்கு. நாளைக்கே பெல்கிரேடுக்கு வண்டி ஏறிட்டா அவன் யாரோ, நீ யாரோ."

வுகாஷின் சாமந்தித் தொட்டியைத் தரையில் வைத்தான். ஸாகோர்கா சொன்னது நியாயமாகவே பட்டது. இதைத்தான் அவனும் குட்டைக் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசிப்பான். விடை வராது. தூக்கம் வந்துவிடும்.

"மாமியார் இருக்கிற வரைக்கும் மாப்பிள்ளை இருப்பான்," என்றார் ராத்மிலா. "நான் இன்னும் சாகல. அவன் வாயில போடு."

ஸாகோர்கா ஒரு நொடி நின்றார். பிறகு கரண்டியை அவன் வாயருகே கொண்டுவந்தார். குழந்தைக்கு ஊட்டுவதுபோலத் தன் வாயையும் லேசாகத் திறந்துகொண்டார். அவன் வாங்கினான். மென்றான். வால்நட் துணுக்கு ஒன்று கடைவாய்ப் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. நாக்கு அதைத் தேடிப் போய்த் தொட்டது. மறுபடி தொட்டது.

அவர்களுடையது கறுப்புப் பளிங்குக் கல். மேலே நெவெனாவின் அப்பா திராகோல்யூப், பக்கத்தில் ராத்மிலா, இரண்டு பேரின் முகமும் தோளோடு தோளாகச் செதுக்கியிருந்தது. அப்பா இறந்தபோதே ராத்மிலா தன் முகத்தையும் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்துச் செதுக்கச் சொல்லிவிட்டார். வருடத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல். கீழே பிற்பாடு ஒட்டிய முட்டை வடிவப் பீங்கான் தகட்டில் நெவெனா. ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படம். யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற மாதிரி இருப்பாள். கூப்பிட்டது வுகாஷின்.

ராத்மிலா கல்லில் இருந்த தன் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு முடி பாரு," என்றார்.

அவன் மெழுகுவர்த்திகளை மணலில் நட்டு ஏற்றினான். மண்ணின் மேல் சிலுவை மாதிரி ஒயின் ஊற்றினான். பாத்திரத்தைத் திறந்து, யார் கையும் படுவதற்கு முன் சுத்தமான கரண்டியில் ஒரு வாய் எடுத்து ராத்மிலாவிடம் கொடுத்தான். அவர் முகக்கவசத்தை இறக்கிச் சாப்பிட்டார். அவருக்கு இங்கே சாப்பிட அனுமதி இருந்தது இது ஒன்றுக்குத்தான். பிறகு ஸாகோர்காவுக்கு ஒரு கரண்டி, தனக்கு ஒரு கரண்டி.

முகக்கவசத்தை ஏற்றாமலே ராத்மிலா ஒரு கையால் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிய ஆரம்பித்தார். அவர் உதடு எங்கே போகிறது என்று வுகாஷின் பார்த்தான். தகட்டில் நெவெனாவின் கன்னத்தின் மேல் உதட்டுச்சாயம் பதிந்திருந்தது. காலையிலேயே யாரோ வந்து முத்தமிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடத் தோழியாக இருக்கலாம். அவள் ஒருத்திதான் சாயம் பூசியிருந்தாள். பூசாதவர்கள் எத்தனை பேரோ. மணலில் இவர்களுக்கு முன்னால் நட்ட மெழுகுவர்த்திகள் ஒரு கைப்பிடி எரிந்து முடிந்திருந்தன.

"வேண்டாம் அத்தை." அவன் தோளைப் பிடித்தான். துணிக்கு அடியில் எலும்பு மட்டும் இருந்தது. "கையால தொட்டுக்கோங்க."

"இதுக்குத்தானே வந்தேன்."

"நிறைய பேர் கொடுத்திருக்காங்க."

"கொடுக்கட்டும். நான் இன்னும் கொடுக்கலையே." அவர் குரலை உயர்த்தவில்லை. குனிந்த நிலையிலேயே, அவன் கைக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றார். "நீ சொன்னது எல்லாத்தையும் நான் கேட்டேன். கேட்டேனா இல்லையா? இது ஒண்ணு. அலமாரிக்குள்ள நானே திரும்பப் போயிடுறேன்."

மேலே சின்னக் கோவிலில் மணியடிக்கிறவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஜனங்கள் கரண்டிகளைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு எழுந்திருந்தார்கள். ஸாகோர்காவும் எழுந்து நின்று தலைத்துண்டைச் சரி செய்தார்.

வுகாஷின் கோட்டுப் பையிலிருந்து மருந்துக்கடை ஸ்பிரிட் குப்பியை எடுத்தான். பஞ்சில் நனைத்தான். மண்டியிட்டு நெவெனாவின் கன்னத்தைத் துடைத்தான். சாயம் முதலில் பரவி, பிறகு போனது. நெற்றியைத் துடைத்தான். மூக்கு. உதடு. காதோரம், கழுத்து, தகட்டின் விளிம்பு. ஏப்ரலுக்குப் பிறகு அவள் முகத்தில் அவன் கை வைத்ததில்லை. பீங்கான் குளிர்ந்து வழுவழுப்பாக இருந்தது. வேறு பஞ்செடுத்து மறுபடி முழுக்க நனைத்தான்.

"நல்ல ராக்கியா இங்க இருக்கும்போது மருந்துக்கடைத் தண்ணி எதுக்கு?" என்றார் ஸாகோர்கா, மெதுவாக.

"போதுமா?" என்றார் ராத்மிலா.

"இருங்க. ஈரம் தானாக் காயணும். காயுறதுக்குள்ள தொட்டா பிரயோஜனம் இல்ல."

முதல் மணி அடித்தது. தகட்டின் மேல் ஈரம் பளபளத்தது. விளிம்பிலிருந்து காய ஆரம்பித்து, முகத்தின் நடுவில் இன்னும் தேங்கி நின்றது. வெயில் இருந்தது, சூடு இல்லை. ராத்மிலா கல்லைப் பிடித்தபடி குனிந்து நின்றார். இரண்டாவது மணி. வுகாஷின் தன் முகக்கவசத்தை இறக்கி, ஊதுவதற்காக வாயைக் குவித்தான். சட்டென்று நிறுத்திக்கொண்டான். கவசத்தை ஏற்றினான். தன் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, காய்ச்சல்காரிக்கு விசிறுவதுபோல, நெவெனாவின் முகத்துக்கு நேரே விசிற ஆரம்பித்தான். நாக்கு கடைவாயில் அந்தத் துணுக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தது. ஈரம் அவள் கண்ணிலிருந்து விலகியது. உதட்டருகே கொஞ்சம் மிச்சமிருந்தது. அவன் இன்னும் வேகமாக விசிறினான்.